சர்க்கஸ் வலையிலிருந்து வீட்டுத் தோட்டம் வரை: ட்ராம்போலினில் பிள்ளைகளை விடலாமா?

"அண்ணா, ட்ராம்போலின் வாங்கலாமா வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை அனுப்பிய செய்தி இது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை இருக்கிறது. பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. தெருவில் பாதி வீட்டில் அந்த வட்டமான வலைக்கூண்டு நிற்கிறதாம். நம்ம வீட்ல மட்டும் ஏன் இல்லைன்னு தினமும் பஞ்சாயத்து.

ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற ஆள் நான் இல்லை என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பொருள் ஆபத்தானதா என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது அதன் பிறந்த கதையைத்தான். யாருக்காகச் செய்தார்கள், எந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்தினார்கள், பிறகு யார் கைக்குப் போனது? ட்ராம்போலின் விஷயத்தில் இந்தக் கதையே முக்கால்வாசிப் பதிலைச் சொல்லிவிடுகிறது.

ஒரு பையனும் ஒரு வலையும்

ஜார்ஜ் நிஸ்ஸன் 1914இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் சர்க்கஸ் பார்க்கப் போகிறார். மேலே பார் விளையாடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியிருக்கும் பாதுகாப்பு வலையில் விழுவார்கள், விழுந்து ஒரு துள்ளு துள்ளி எழுவார்கள். எல்லோரும் அந்தரத்தில் நடப்பதைப் பார்க்க, இந்தப் பையன் அந்தக் கடைசித் துள்ளலைப் பார்த்திருக்கிறான். அந்தத் துள்ளல் நிற்காமல் தொடர்ந்தால் எப்படி இருக்கும்?

1930இல், பதினாறு வயதில், வீட்டுக் கார் ஷெட்டில் இரும்புச் சட்டமும் கித்தான் துணியும் வைத்து முதல் முயற்சி. பிறகு ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரானார். டம்ப்ளிங் பிரிவில் மூன்று முறை கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வாங்கியவர். அங்கே பயிற்சியாளராக இருந்த லேரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து 1934இல் ஒழுங்கான ஒன்றைச் செய்தார். ஆங்கிள் இரும்பில் சட்டம், நடுவில் கித்தான், அதன் ஓரம் முழுக்கத் துளைகள், துளைக்குத் துளை சுருள் ஸ்பிரிங். இன்றைக்கு விற்கிற ட்ராம்போலினின் அடிப்படையும் இதேதான்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தவர்கள் இரண்டு பேரும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள். விழத் தெரிந்தவர்கள். எப்படி விழுவது என்பதுதான் ஜிம்னாஸ்டிக்ஸில் முதல் பாடம்.

மனிதரை மேலே தூக்கிப்போட்டு விளையாடும் யோசனை இவர்களுடையது அல்ல. அலாஸ்காவின் இனுபியாக் மக்கள் கடல்விலங்கின் தோலை விரித்து, சுற்றி நின்று பலர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவரை எகிற வைப்பார்கள். திமிங்கில வேட்டை நல்லபடியாக முடிந்ததற்கான விழாவில் இது இன்றும் உண்டு. அதிலும் கவனியுங்கள்: துள்ளுகிறவர் ஒருவர், சுற்றி நிற்கிறவர்கள் பலர்.

பேர் எங்கிருந்து வந்தது?

து ட்ராம்போலின் என்றொரு பிரெஞ்சு சர்க்கஸ்காரர் இருந்தார், அவர் பேரைத்தான் வைத்தார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அதை விட்டுவிடுங்கள், ஆதாரம் எதுவும் கிடையாது. நிஸ்ஸன் சொன்னது வேறு. 1937இல் நண்பர்களோடு மெக்சிகோவில் வித்தை காட்டிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நீச்சல்குளத்தில் குதிக்கும் பலகையை ஸ்பானிய மொழியில் 'ட்ராம்போலின்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரு 'ஈ' சேர்த்து அதையே வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார்.

ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு அப்போதே பழசு. 1843இல் இங்கிலாந்தில் பாப்லோ ஃபான்க் சர்க்கஸுக்கு அடித்த விளம்பரத் தாளில் அது இருக்கிறது. இந்தத் தாளைத்தான் 1967இல் ஜான் லெனன் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கி, அதை வைத்தே பீட்டில்ஸுக்கு ஒரு பாட்டு எழுதினார். அந்தக் காலத்து ட்ராம்போலின், ஓடிவந்து மிதித்து எகிறும் துள்ளுபலகை மாதிரி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். சொல் பழசு, பொருள் புதுசு.

பைலட்டும் பெட்ரோல் பங்கும்

1940களின் தொடக்கத்தில் நிஸ்ஸனும் கிரிஸ்வோல்டும் கம்பெனி ஆரம்பித்தார்கள். உலகப் போர் வந்தது. அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்கான பயிற்சியில் ட்ராம்போலினைச் சேர்த்தது. தலைகீழாகச் சுழலும்போதும் மேல் எது, கீழ் எது என்ற உணர்வு தப்பாமல் இருக்கப் பழகுவதற்கு. போர் முடிந்ததும் பள்ளி, கல்லூரி ஜிம்களில் பரவியது. 1964இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது.

அந்த ஜிம்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. ட்ராம்போலினின் நாலு பக்கமும் ஆள் நிற்பார்கள். துள்ளுகிறவர் ஓரத்துக்கு வந்தால் உள்ளே தள்ளிவிடுவது அவர்கள் வேலை. மேலே ஒரே ஒருவர். பக்கத்தில் பயிற்சியாளர். குட்டிக்கரணத்துக்குப் போகும் முன் வாரக்கணக்கில் வெறும் நேர்த் துள்ளல்தான்.

இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனையே நடந்தது, யாரும் திட்டமிடாமல். 1959, 1960 வாக்கில் 'ஜம்ப் சென்டர்' என்று ஒரு மோகம் கிளம்பியது. காலி மனையில், பெட்ரோல் பங்க் ஓரத்தில், தரையில் குழி வெட்டி அதன்மேல் ட்ராம்போலினை வரிசையாகக் கட்டினார்கள். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் குதிக்கலாம். சட்டை பேன்ட் போட்ட அப்பா, பாவாடை கட்டிய அம்மா, பிள்ளைகள், எல்லோரும். அடிபட்ட செய்திகள் வர ஆரம்பித்தன, காப்பீட்டுச் செலவு ஏறியது, வந்த வேகத்திலேயே அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

குழியில் கட்டியிருந்ததால் அங்கே கீழே விழும் உயரமே கிடையாது. அப்படியும் அடிபட்டது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்கூடம் கைவிட்டது, வீடு எடுத்துக்கொண்டது

1970களில் பள்ளி, கல்லூரிகளில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகத் தொடங்கின. 1977இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் நேரடியாகச் சொல்லிவிட்டது: பள்ளி கல்லூரி உடற்பயிற்சியில் ட்ராம்போலின் வேண்டாம், போட்டி விளையாட்டாகவும் வேண்டாம். 1981இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டுப்பாட்டோடு பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் வழக்குக்கும் காப்பீட்டுக்கும் பயந்து பள்ளிகள் மடக்கி ஓரத்தில் வைத்துவிட்டன.

அதன் பிறகுதான் விசித்திரம். பயிற்சியாளரும் நாலு பக்கக் காவலும் இருந்த இடத்திலிருந்து அதை வெளியே எடுத்தார்கள். அது எங்கே போனது? இரண்டுமே இல்லாத இடத்துக்கு. மலிவான வட்ட வடிவ ட்ராம்போலின்கள் 1980களுக்குப் பிறகு அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்கு வந்து குவிந்தன.

1998இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, தலைப்பிலேயே இதைத் தேசியக் கொள்ளைநோய் என்று சொன்னது. 1990இல் 29,600 ஆக இருந்த பிள்ளைகளின் காயங்கள் 1995இல் 58,400. ஐந்தே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அடிபட்டவர்களில் 93 சதவீதம் பேர் வீட்டு ட்ராம்போலினில் அடிபட்டவர்கள். 1999இல் குழந்தை மருத்துவர்கள் மறுபடி எழுதினார்கள்: வீட்டில் வேண்டாம், சாதாரண உடற்பயிற்சி வகுப்பில் வேண்டாம், திறந்தவெளி விளையாட்டுத் திடலில் வேண்டாம்.

அடுத்த வருடமே, 2000 சிட்னி ஒலிம்பிக்கில், ட்ராம்போலின் பதக்க விளையாட்டாக அறிமுகமானது. ஆண், பெண் இரண்டு தங்கமும் ரஷ்யாவுக்கு. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களில் 86 வயது நிஸ்ஸனும் ஒருவர்.

ஒரே பொருள், ஒரு பக்கம் ஒலிம்பிக், இன்னொரு பக்கம் மருத்துவர்களின் தடை. முரண்பாடு மாதிரித் தெரியும். ஆனால் பேசப்படுவது இரண்டு வேறு சூழ்நிலைகளைப் பற்றி.

எண்களை எப்படி வாசிப்பது

இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் உடனே பயப்படுவதும் தப்பு, "எங்க காலத்துல மரத்துல ஏறலையா" என்று ஒதுக்குவதும் தப்பு.

முதலில், இவை எண்ணி எடுத்தவை அல்ல. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், நாடு முழுக்கச் சுமார் 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து எந்தப் பொருளால் அடிபட்டது என்ற பதிவுகளைத் திரட்டுகிறது. அதிலிருந்து நாடு முழுவதற்குமான மதிப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் மாதிரி.

இரண்டாவது, எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. 2004இல் கிட்டத்தட்ட 1,12,000 காயங்கள். 2009இல் 98,000 வாக்கில் வந்துவிட்டது. பாதுகாப்பு கூடிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதே காலத்தில் வீட்டு ட்ராம்போலின் விற்பனையும் இறங்கியது. குறைவான வீட்டில் இருந்தால் குறைவாகத்தான் அடிபடும். 1990களின் ஏற்றத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே மொத்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது. அடிபட்டவர்களுக்குள் யார், எப்படி, எதனால் என்ற பிரிவுதான் உதவும். குழந்தை மருத்துவர் அமைப்பு 2012இல் வெளியிட்ட அறிக்கை அதைச் செய்கிறது. அதிலிருந்து முக்கியமானவை:

— காயங்களில் சுமார் 75 சதவீதம், ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் துள்ளும்போது.

— அப்படித் துள்ளும்போது, எடை குறைந்த குழந்தை அடிபடும் வாய்ப்பு எடை கூடிய குழந்தையைவிட 14 மடங்கு வரை அதிகம்.

— கீழே விழுந்து அடிபடுவது 27 முதல் 39 சதவீதம். மீதியில் பெரும்பகுதி ட்ராம்போலின் மேலேயே நடப்பது.

— 6 முதல் 17 வயது வரை, காயங்களில் 29 சதவீதம் எலும்பு முறிவு அல்லது மூட்டு விலகல். 5 வயதும் அதற்குக் கீழும் என்றால் 48 சதவீதம்.

— தலை, கழுத்துக் காயங்கள் 10 முதல் 17 சதவீதம். மொத்தக் காயங்களில் 200க்கு ஒன்று நிரந்தர நரம்புப் பாதிப்பில் முடிகிறது.

— மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான காயங்கள், பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நடந்தவை.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்று சொல்லும் அம்மா அப்பா பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பது போதாது என்பதுதான் விஷயம்.

இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகிறது?

ஒருவர் மட்டும் துள்ளும்போது கணக்கு எளிது. நீங்கள் விழும் வேகத்தை விரிப்பும் ஸ்பிரிங்கும் வாங்கி வைத்துக்கொண்டு உங்களுக்கே திருப்பித் தருகின்றன. கொடுத்ததைவிட அதிகம் வராது.

இப்போது கூட ஒருவர் ஏறுகிறார், அவர் எடை 80 கிலோ. சின்னவள் 25 கிலோ. அப்பா அழுத்திச் சேமித்து வைத்த சக்தி அப்பாவுக்கே போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் எழும்பும் நேரத்தில் குழந்தை விரிப்பில் நின்றால், அவர் பங்கில் ஒரு பகுதி குழந்தைக்குப் போய்விடும். அவள் எதிர்பார்க்காத உயரத்துக்கு எகிறுவாள். பிள்ளைகள் இதை வேண்டுமென்றே செய்வார்கள், அதில்தான் குஷியே. இன்னும் மோசம், குழந்தை இறங்கும் நேரத்தில் விரிப்பு மேலே ஏறி வந்தால். மெத்தென்று வாங்க வேண்டிய துணி, எதிரே வந்து மோதும் தரை ஆகிவிடுகிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு கணித மாதிரி செய்து பார்த்தார்கள். இந்த எடை வித்தியாசத்தில் குழந்தை வாங்கும் தாக்கம், 2.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழுவதற்குச் சமமாகலாம். அதாவது மாடியிலிருந்து.

மருத்துவர்களுக்கு இது முன்பே தெரியும். 1986இலேயே 'ட்ராம்போலின் முறிவு' என்று ஒரு பெயர் மருத்துவ இதழில் வந்துவிட்டது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்கால் எலும்பின் மேல்பகுதியில் வரும் மெல்லிய முறிவு. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது. குழந்தை எங்கும் விழுந்திருக்காது, எதிலும் இடித்திருக்காது. பெரியவர் யாருடனாவது சேர்ந்து துள்ளியிருக்கும். அழும், காலை ஊன்றாது. எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் சட்டென்று கண்ணில் படாது. பாசமாக அப்பா கூடவே ஏறி விளையாடுவதுதான் நாலு வயதுக்குழந்தைக்கு இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

'முட்டை உடைக்கிற' ஆட்டம் என்று ஒன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் எல்லா ட்ராம்போலினிலும் நடக்கும். ஒரு பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்காரும். மற்றவர்கள் சுற்றிக் குதித்து அந்தப் பிடியை விடவைக்க வேண்டும். முட்டை ஆவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை. 14 மடங்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

வலை கட்டினால் போதாதா?

1997இல் ஜம்ப்ஸ்போர்ட் என்ற அமெரிக்க நிறுவனம் சுற்றுவலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று வலை இல்லாத ட்ராம்போலினைக் கடையில் பார்ப்பதே அரிது. நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் கீத் அலெக்சாண்டர் இன்னொரு வழியில் போனார். மகளுக்கு வாங்கலாம் என்று நினைத்தபோது மனைவி ஆபத்து என்று மறுத்துவிட்டாராம். எதில் அடிபடுகிறது என்று ஆராய்ந்து, ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, விரிப்புக்கு அடியில் சாய்வாக வளையும் கண்ணாடியிழைக் கம்பிகளை வைத்தார். இரும்புச் சட்டம் கீழே போய்விட்டது. குதிக்கும் இடத்தில் கை கால் மாட்ட ஒன்றும் இல்லை.

இரண்டும் நல்ல யோசனைகள்தான். ஆனால் வலை தடுப்பது எதை? கீழே விழுவதை. ஸ்பிரிங் இல்லாத வடிவம் தடுப்பது எதை? சட்டத்திலும் ஸ்பிரிங்கிலும் மோதுவதை. இருவர் மோதுவதையோ, குட்டிக்கரணம் தவறித் தலைகுத்தி இறங்குவதையோ இவை தொடுவதே இல்லை. பெட்ரோல் பங்க் குழிகளை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அங்கேயும் இதே கதைதான். 2012 அறிக்கையும், வலையும் ஓரத் தலையணையும் காயங்களைக் குறிப்பிடும்படி குறைத்ததாகத் தெரியவில்லை என்கிறது. வலை இருக்கிறது என்ற தைரியத்தில் பெரியவர்கள் உள்ளே போய்விடும் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வலையும் தலையணையும் நைந்துபோகும், அதையும் பார்த்து மாற்ற வேண்டும்.

சரி, வாங்கலாமா?

'பாதுகாப்பானதா' என்று பொருளைப் பார்த்துக் கேட்டால் பதில் வராது. வீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். தங்கைக்கு நான் அனுப்பிய கேள்விகள் இவை:

ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்ற விதியை உன் வீட்டில் நிஜமாகவே நடத்த முடியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரும் நாளிலும், பிறந்தநாள் கூட்டத்திலும்? இந்த ஒரு விதிதான் முக்கால்வாசி ஆபத்தைத் தொடுகிறது. மற்றதெல்லாம் அடுத்ததுதான்.

ஆறு வயது ஆகாதவளை ஏறவிடாமல் வைக்க முடியுமா? அண்ணன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா நிற்பாளா? ஏணியை எடுத்து உள்ளே வைக்கும் பழக்கம் வருமா?

குட்டிக்கரணம் கூடாது என்றால் ஒன்பது வயதுப் பையன் கேட்பானா? அதில் ஆசை இருந்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிடு. கழுத்து விஷயத்தில் சமரசம் கிடையாது.

பார்த்துக்கொள்கிறவர் போனைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டாவது ஆள் இறங்கு" என்று சொல்லத் தயாரா?

கடைசியாக, வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படி. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ட்ராம்போலின் காயங்களுக்குப் பொறுப்பேற்பதில்லை. உன் ஊரில் எப்படி என்று கேட்டுவிடு.

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் வாங்கலாம். சமதரையில், சுற்றி மரமோ சுவரோ இல்லாத இடத்தில் போடு. ஒன்றுக்கு இல்லை என்றால்கூட இரண்டு வருடம் தள்ளிப்போடு. தங்கை யோசித்துவிட்டு, சின்னவளுக்கு ஆறு ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். பெரியவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறான்.

நம்ம ஊரில் தோட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆனால் மால்களில் ட்ராம்போலின் பார்க் வந்துவிட்டது, பொருட்காட்சியிலும் போடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பார்க்குகளால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 2010இல் 581 பேர், 2014இல் 6,932 பேர். பார்க்குகள் பெருகியதும் இதற்குக் காரணம்தான். விகிதம் வேறு என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். டிக்கெட் வாங்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு விரிப்பில் எத்தனை பேர் குதிக்கிறார்கள்? பெரியவர்களும் பொடிசுகளும் கலந்து இருக்கிறார்களா? நிற்கும் பணியாளர் விசில் ஊதி இறக்குகிறாரா, இல்லை டிக்கெட் மட்டும் கிழிக்கிறாரா? பிள்ளையை ஏற்றலாமா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊஞ்சல், சறுக்குமரம் இவற்றுக்குக் கீழே மணல் போடுவது நல்லதா, ரப்பர் போடுவது நல்லதா என்று ஒரு குறிப்பு பாதியில் நிற்கிறது. அதை அடுத்து எழுதுகிறேன்.